இரண்டு விரல் தள்ளிப் போட்ட கோடு

கட்டுரைக்கு மேலே 'ஓய்வு பெற்றவர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்று இதை வெளியிடுகிறவர்கள் கேட்டார்கள். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓய்வு பெற்றவருக்கு மாலை போடுவார்கள், ஒரு வேளை சாப்பாடாவது போடுவார்கள். எனக்கு வந்தது ஒரு போன். வெள்ளிக்கிழமை மதியம். "திங்கட்கிழமையிலருந்து வர வேணாம்மா. ஒப்பந்தம் புதுப்பிக்கல." அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது.

டெல்லிக்கும் சென்னைக்கும் ஏதோ ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடுவதில் ஒத்துப்போகவில்லை, அதனால் பள்ளிக்கூடங்களுக்கு வர வேண்டிய மத்திய அரசுப் பணம் நின்றுவிட்டது என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பத்தாவது முடித்தவள். அவர்கள் சண்டையில் எங்கள் மையத்தில் வாரம் இரண்டு நாள் நடந்த பிசியோதெரபி மாதம் இரண்டு நாளானது என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் நானே இல்லை.

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை. சங்கீதா என்ற சிறப்பாசிரியை தன் வேலையோடு என் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள். அவள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பழைய தாள்களை அடுக்கும்போது போன் செய்தாள்.

"அக்கா, பசங்க கால் அளவு எடுத்த தாள்ல எல்லாம் ரெண்டு ரெண்டு கோடு இருக்குது. உள்ள ஒண்ணு லேசா, வெளிய ஒண்ணு அழுத்தமா. எது கால், எது கோடு? எதுக்கு அப்படிப் போட்டீங்க?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் வட்டார வள மையம் என்று ஒன்று உண்டு. சுற்றுப்பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு மேலிடத்திலிருந்து வருவதெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பழைய பள்ளியின் பின்கட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையத்தை அதுதான் நடத்தியது. அங்கே நான் உதவியாளர். ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மூன்று நாள் திரையில் படம் காட்டினார்கள், இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மீதியைப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய அம்மாக்களிடமும் கற்றுக்கொண்டேன். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, கை கால் நீட்டிவிடுவது. நாலு பேருக்கு மேல் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அந்த வேலைக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் தேவராஜன் சார். அவர் ஒரு நாளும் யாரையும் அதட்டியதில்லை, யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதும் இல்லை. மத்தியத் திட்டத்தின் வழிகாட்டி நெறிமுறைகளைப் பச்சை அட்டை போட்டு பைண்டு செய்து மேஜையில் வைத்திருப்பார். யார் எதைக் கேட்டாலும் அதைப் பிரிப்பார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் புத்தகத்தை நம் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைப்பார். "நீயே பாரும்மா. இதுல இல்லையேம்மா." அவ்வளவுதான். அதட்டியிருந்தால் திருப்பி அழவாவது செய்யலாம். அந்த விரலிடம் என்ன செய்வது?

புத்தகத்தில் இருந்ததெல்லாம் நடந்தது என்றும் சொல்ல முடியாது. பணம் மாசி மாதம் வரும், பங்குனிக்குள் செலவாக வேண்டும். ஒரு பள்ளியில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினார்கள். இத்தனை அடி நீளம் என்று இருந்ததால் அத்தனை அடி கட்டினார்கள். அது வகுப்பறை வாசலுக்கு இரண்டடி முன்னால் தூணில் போய் முட்டி நின்றது. போட்டோவில் தூண் தெரியாது.

கால் அளவுக்கு வருகிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை மதிப்பீட்டு முகாம். வடக்கே ஒரு தொழிற்சாலையிலிருந்து அளவெடுப்பவர் வருவார். ராவ் என்று பெயர், தெலுங்குக்காரர், ஐம்பது வயது இருக்கும். காலுக்குப் பலம் இல்லாத பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கம்பி வைத்துத் தோல் பட்டையால் கட்டும் காலிபர் கொடுப்பார்கள். அதற்கு அளவெடுப்பது இப்படி. பெஞ்சின் மேல் பழுப்புக் காகிதம் விரித்துப் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். பென்சில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் கோடு காலுக்கு அடியில் போய்விடும், காலிபர் இறுக்கும். பிறகு தொடை இடுக்கு, முட்டியின் நடு, கணுக்கால் எலும்பு, உள்ளங்கால் என்று நான்கு இடத்தில் குறுக்குக் கோடு. இதில் முட்டிக் கோடுதான் உயிர். நிற்கும்போது பூட்டி, உட்காரும்போது திறக்கும் பூட்டு அந்த இடத்தில்தான் வரும்.

ஒரு நாளில் நாற்பது பிள்ளைகள். பத்து பேர் முடிந்ததும் ராவ் வேர்த்து ஊற்றிக்கொண்டு பென்சிலை என்னிடம் கொடுத்துவிடுவார். "மல்லிகாம்மா, உங்க கை ஆடாது. நீங்க போடுங்க, நான் டேப் பிடிக்கிறேன்." யாரும் என்னைப் பாராட்டாத ஊரில் அது எனக்குப் பெரிய விஷயம்.

அளவெடுத்த காலிபர் எப்போது வரும்? ஒரு வருடம் ஆகும், ஒன்றரை வருடமும் ஆகும். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். வந்த காலிபர் முட்டிக்கு மேலே பூட்டோடு நிற்கும். ஒரு முறை வாங்கிவிட்டால் மூன்று வருடத்துக்கு வேறு கிடையாது என்பது விதி. அப்படிப் போட முடியாமல் போன காலிபர்களை நாங்கள் சாமான் அறையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். உள்ளே போனால் சின்னச் சின்னக் கால்கள் வரிசையாகத் தொங்கும். நான் அந்த அறையைப் பெருக்கும்போது தலையைத் தூக்கமாட்டேன்.

ஒரு முகாமில் ஒரு அம்மா சொன்னாள். "யூனிஃபாரம் தைக்கும்போது டெய்லர்கிட்ட வளர்ற புள்ளன்னு சொல்லி ரெண்டு விரல் கூட வெச்சித்தானே தைக்கிறோம்? இதுக்கும் வெச்சிப் போட வேண்டியதுதானே."

அன்றிலிருந்து வைத்துப் போட்டேன். காலை ஒட்டி லேசாக ஒரு கோடு, அது நிஜம். அதற்கு வெளியே அழுத்தமாக ஒரு கோடு, அது காலிபர் வரும்போது இருக்கப்போகிற கால். முட்டிக்கு ஒரு விரல் கீழே, உள்ளங்காலுக்கு இரண்டு விரல் கீழே. ராவ் அழுத்தமான கோட்டைத்தான் அளப்பார். அவரிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு வருடம் காலிபர்கள் வந்தன, பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தன. ஆணிக்கு ஒன்றுகூடப் போகவில்லை. டெல்லியின் தாமதத்தை என் பென்சிலில் சரிக்கட்டிவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம்.

ஐந்தாவது வருடம் காலிபர்கள் பதினோரு வாரத்தில் வந்துவிட்டன.

ஏன் என்று கேட்டால், அந்த வருடப் பணத்தை அந்த வருடமே செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று கடுமையாக ஆணை வந்ததாம். வேளைக்கு வா என்று இத்தனை வருடம் கெஞ்சியபோது வராதது, நான் வராது என்று முடிவு கட்டிய வருடம் பார்த்து வேளைக்கு வந்தது.

கணுக்கால் வரைக்கும் போடுகிற பிள்ளைகளுக்குத் துணி அடைத்துச் சமாளித்தோம். முழுக்கால் காலிபர் ஒருத்திக்குத்தான். தாரணி. சின்ன காஞ்சிபுரம், அப்பா தறி நெய்கிறார், அம்மா செல்வி வீட்டிலேயே தார் சுற்றுகிறாள், தறிக்கான பட்டு நூலைக் குச்சியில் ஏற்றும் வேலை. தாரணிக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு முடியப்போகிறது. தெருமுனையில் இருந்த தொடக்கப் பள்ளிக்கு செல்வி இடுப்பில் தூக்கிப்போய் விட்டுவிடுவாள். ஆறாம் வகுப்புக்கு மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பதினோரு வயதுப் பெண்ணை எத்தனை தூரம் தூக்குவது? அவளுடைய பழைய காலிபர் எப்போதோ சிறிதாகிவிட்டது. புதியது வந்தால்தான் ஜூனில் பள்ளிக்கூடம்.

புதியதை மாட்டினோம். பூட்டு முட்டிக்குக் கீழே எலும்பில் இடித்தது. பூட்டினால் கால் வளைந்து வலித்தது. திறந்தாலும் உட்கார முடியவில்லை.

"கால் மாத்தி வந்துடுச்சாக்கா?" என்றாள் தாரணி. "இது யாரோ பெரிய பொண்ணுது."

தேவராஜன் சார் போன் கேமராவோடு நின்றார். பிள்ளை அணிந்து நிற்கும் படம் அன்றே கணினியில் ஏற வேண்டும். "பின்னாலருந்து புடிச்சிக்கம்மா, தெரியாத மாதிரி," என்றார் செல்வியிடம். செல்வி பிடித்தாள். படத்தில் தாரணி நிற்கிறாள். 'பயனடைந்தார்' என்று ஏறிவிட்டது. காலிபரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள், அம்மா இடுப்பில்.

இரண்டு வாரம் கழித்து சார் ஒரு படிவம் எடுத்தார். வீட்டுவழிக் கல்வி. பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வாரம் ஒரு நாள் வீட்டுக்கே ஆசிரியர் போவார். புத்தகத்தில் இருக்கிறது. செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் படிவத்தில் பேர் ஏறிய பெண் பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வீட்டில் செய்வதற்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

தாரணிதான் கேட்டாள். "டீச்சர் வூட்டுக்கு வந்தா, நான் யார் பக்கத்துல உக்காருறது சார்?"

சார் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. அதற்கு வரி இல்லை என்று அவருக்கே தெரியும்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன்போல. "இன்னாம்மா?" என்றார்.

"அந்தக் கோடு நான் போட்டது சார். லேட்டா வரும்னு கூட வெச்சிப் போட்டேன். ராவ் சாருக்குத் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தன வருஷமா?"

"அஞ்சு வருஷமா."

"அதான் நாலு வருஷமா புகாரே வரலையா? நான் ஃபேக்டரிதான் திருந்திடுச்சுன்னு ரிப்போர்ட் அனுப்பினேனேம்மா."

சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. வேறு காலிபர் கேட்கலாமா என்றேன். மூன்று வருட விதியின் மேல் விரல் வைத்தார். நம் ஊரிலேயே பட்டறையில் கொடுத்துக் கம்பியை வெட்டிப் பூட்டை மேலே ஏற்றலாமா என்றேன். "அரசு முத்திரை போட்ட சாமான். வெட்டக் கூடாதும்மா." பிறகு தானாகவே பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பழுதடைந்தால் உள்ளூரில் பழுது பார்க்கலாம். பழுதின் புகைப்படம் இணைக்கப்பட வேண்டும்.

"பழுது ஆவலையே சார்."

"ஆவலையேம்மா," என்றார், ரொம்ப வருத்தமாக. புத்தகத்தை மூடாமல் டீ குடிக்கப் போய்விட்டார். பத்து வருடத்தில் அந்தப் புத்தகத்தை அவர் திறந்துபோட்டுவிட்டுப் போனது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் செல்வியை வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சரி பண்ணணும்னா மொதல்ல ஒடைக்கணுமா? நல்லாருக்குதுக்கா உங்க ஆபீஸு. பத்து மாசமா சாமிக்கு வேண்டிக்கினு வாங்கினது."

"நான் ஒடைக்கிறேன்," என்றாள் தாரணி.

மையத்தின் வாசலில் துணி துவைக்கும் கல். அதன் மேல் காலிபரைக் குறுக்கே வைத்தோம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தரையில் உட்கார்ந்தபடி கருங்கல்லைத் தூக்கிப் போட்டாள். முதலில் வளையக்கூட இல்லை. "கவருமெண்ட்டு சாமான் நல்லாத்தான்டி செஞ்சிருக்கான்," என்றாள் செல்வி. நாலாவது அடியில் பூட்டுக்கு மேலே கம்பி மடங்கியது. தாரணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சார் வந்து படம் எடுத்தார். கணினியில் பழுதுக்கான காரணம் என்று மூன்று இருந்தன. தயாரிப்புக் குறை என்றால் ராவ் மேல் விசாரணை, சாமான் வடக்கே போய்த் திரும்பி வர வேண்டும். இயல்பான தேய்மானம் என்பதை ஒரு வருடம் ஆகாத பொருளுக்கு அது ஏற்கவில்லை. மூன்றாவது, 'பயனாளியின் கவனக்குறைவு'.

"என் பேரப் போடுங்க சார்," என்றேன்.

"உன் பேருக்கு இதுல எடம் இல்லையேம்மா."

செல்வி கேட்டாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று. உன் பெண் கவனமில்லாமல் உடைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறது என்றேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு, "எழுதிக்கட்டும்க்கா. ஸ்கூலுக்குள்ள போனாப் போதும்," என்று கையெழுத்துப் போட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தறிக்கு இரும்புச் சாமான் செய்யும் ரஹ்மான் பாய் பட்டறையில் கொடுத்தோம். நான் புதிதாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரே கோடு, காலை ஒட்டி. பாய் கம்பியை வெட்டி, பூட்டை ஏற்றி, கீழே நாலு துளை கூடுதலாகப் போட்டார். வளர வளர ஒவ்வொரு துளையாக இறக்கிக்கொள்ளலாம். வடக்கே இத்தனை பெரிய தொழிற்சாலைக்குத் தோன்றாத துளை. ஜூனில் தாரணி ஆறாம் வகுப்புக்கு நடந்து போனாள். மெதுவாகத்தான், ஆனால் அவள் காலில்.

இதோடு முடிந்திருந்தால் சங்கீதாவுக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். கடைசித் துளையும் போன வருடம் தீர்ந்துவிட்டது, இறுக்கினாலும் அதையே மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். மூன்று வருடமும் முடிந்தது. இந்த வருட முகாமில் செல்வி புதிய காலிபருக்குப் பேர் கொடுத்தாள். கணினி தள்ளிவிட்டது. காரணம்: முன்பு வழங்கிய உபகரணம் பயனாளியின் கவனக்குறைவால் சேதம்.

செல்வி என் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அவ ஒன்பதாவதுக்கா இப்ப," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

தேவராஜன் சாரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் உண்மைதாம்மா. ஆனா நீ இப்ப ஊழியர் இல்லையே. உன் வாக்குமூலத்த நான் எந்த ஃபைல்ல வெக்கிறது?"

வேலையில் இருந்தபோது என் பேருக்கு இடம் இல்லை. வேலை போன பிறகு என் பேச்சுக்கு இடம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். என்னால் முடிந்த கோபம் அதுதான்.

அப்புறம் யோசித்தேன். ஊழியர் இல்லையென்றால் நான் யார்? பொதுமக்கள். பொதுமக்களுக்குத் திங்கட்கிழமை உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள்.

அன்றைக்கு அந்த ஹாலில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, சாக்கடை. நான் வரிசையில் நின்று ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மேஜைக்கு முன்னால் போனதும் அது மறந்துவிட்டது. மைக் இருந்தது. அதிகாரி தலையைத் தூக்கினார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார். நான்தான் தப்பா கோடு போட்டேன்," என்றேன். மைக்கில் என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ, "இன்னாவாம்?" என்றார்கள்.

அதிகாரி தாளைப் படித்தார், ஓரத்தில் எழுதினார், முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். தகுந்த நடவடிக்கைக்காக வட்டார வள மையத்துக்கு அனுப்பப்படுகிறது. எந்த மேஜையில் என் தாளை வைக்க ஃபைல் இல்லையோ, அதே மேஜைக்கு.

பஸ்ஸில் வரும்போது சிரிப்புத்தான் வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

நாலாவது நாள் காலை பத்தரை மணிக்குத் தேவராஜன் சார் போன் செய்தார். குரலில் ஒரு உற்சாகம். "ஏம்மா மல்லிகா, உன் மனு நம்ம டேபிளுக்கே வந்துடுச்சும்மா. இப்ப நம்பர் இருக்குது, ஃபைல் தொறந்துட்டேன். மறுமதிப்பீடுன்னு ஒரு வரி இருக்குது, அதுல போடலாம். பக்கத்து வட்டார முகாமுக்கு வந்த ராவும் இன்னைக்கு இங்கதான் இருக்காரு. அந்தப் பொண்ண ஒடனே கூட்டினு வரச் சொல்லு, அளவு எடுத்துடலாம்."

செல்விக்குப் போன் செய்தேன். பின்னால் தார் சுற்றும் ராட்டினச் சத்தம் நின்றது.

"இப்பவாக்கா? அவ ஸ்கூல்ல இருக்காளே. இன்னைக்குக் கணக்குப் பரீட்ச. நாலரைக்குத்தான் வருவா. சார கொஞ்சம் காத்துக்கினு இருக்கச் சொல்லுக்கா."

திரும்ப சாருக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். காத்திருக்கச் சொன்னேன்.